சுற்றினால் மட்டும் போதுமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சும்மா இருக்காமல் ஒரு வரி எழுதிவிட்டேன். மீத்தேன் மூலக்கூறைக் கரும்பலகையில் சிலுவை மாதிரி வரைந்து காட்டுவதைவிட, கைப்பேசியில் ஒரு தடவை விரலால் சுற்றிப் பார்க்கவிட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும் என்று. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பழைய வடாற்காடு முழுக்க வீட்டுக்கு ஒருவர் வேதியியலுக்கு இணையப் பக்கம் தயாரித்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள், சரி, யார் பெயருமே வேண்டாம், ஊர் மட்டும் இருக்கட்டும்.

எங்கள் பள்ளிக்கு 2011ல் முன்னாள் மாணவர் ஒருவர் வேதியியல் பக்கம் செய்து கொடுத்தார். பென்சீன், குளுக்கோஸ் எல்லாம் மவுஸால் இழுத்தால் சுற்றும். இப்போது திறந்தால் சாம்பல் நிறத்தில் வெறும் பெட்டி. வைரஸா சார்?
- முதுகலை ஆசிரியை, குடியாத்தம்

வைரஸ் இல்லை டீச்சர், வயசு. அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஜாவா ஆப்லெட், அதாவது பக்கத்துக்குள் ஓடுகிற சின்ன ஜாவா நிரல். ஜேமோல் என்ற இலவச மென்பொருளை அப்போது எல்லோரும் அப்படித்தான் பக்கத்துக்குள் வைத்தோம். அதற்கும் முந்தி 1996ல் சைம் என்று ஒரு செருகுநிரல் வந்தது, அது ராஜர் சேல் எழுதிய ராஸ்மோல் நிரலிலிருந்து பிறந்தது. அதையும் கொஞ்ச காலம் கொண்டாடிவிட்டுக் கைவிட்டோம். இந்த மாதிரி வெளியிலிருந்து ஒட்டவைக்கிற நிரல்கள் பாதுகாப்புக்கு ஓட்டை என்று சொல்லி, குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் கதவைச் சாத்திவிட்டன. உங்கள் பென்சீன் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, திறந்து காட்டத்தான் ஆள் இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், ஜாவா செத்துப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட சிலர் ஜேமோலை அப்படியே ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் செயின்ட் ஓலாஃப் கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் ஹான்சன் அதில் முக்கியமானவர். அதன் பெயர் ஜேஸ்மோல். பழைய பக்கத்தில் எழுதியிருந்த கட்டளைகள், அதாவது இந்த அணுவைச் சிவப்பாக்கு, இதைச் சுற்று, இந்த இரண்டுக்கும் தூரம் காட்டு என்பதெல்லாம், பெரும்பாலும் அப்படியே அதில் ஓடும். எனவே அந்த மாணவரைத் தேடிப்பிடித்து, அவர் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, பழைய ஃபோல்டரில் மோல், பி.டி.பி. என்று முடிகிற ஃபைல்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் வேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

இல்லையென்றால் என் கதைதான். 2009 வாக்கில் ஒரு கல்லூரிக்காக முப்பத்துச் சொச்சம் மூலக்கூறுகளுக்குப் பக்கம் செய்தேன், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து. பிறகு கல்லூரி சர்வரை மாற்றியபோது பக்கத்தை யாரோ சேமித்தார்கள், மூலக்கூறு ஃபைல்கள் இருந்த ஃபோல்டரை யாரும் சேமிக்கவில்லை. என்னிடமும் நகல் இல்லை. கோபம் கல்லூரி மேல் பாதி, என் மேல் மீதி. அன்றிலிருந்து வியூவர், அதாவது மூலக்கூறைச் சுற்றிக் காட்டுகிற நிரல், எதுவாக இருந்தாலும் ஃபைலைத் தனியாக, திறந்தால் படிக்கிற எழுத்து வடிவத்தில், பக்கத்திலேயே பதிவிறக்க லிங்க்கோடு வைக்கிறேன். வியூவர் பத்து வருஷத்துக்கு ஒன்று மாறும், ஃபைலில் இருக்கிற அணுக்களின் இருப்பிட எண்கள் மாறாது.

நான் வரைந்த மீத்தேன் தட்டையாக இருக்கிறது. சுற்றினால் அப்பளம் மாதிரி கோடாகிவிடுகிறது. எத்தனாலில் ஹைட்ரஜனே காணோம். வியூவர் சரியில்லையா?
- பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர், காட்பாடி

தம்பி, வியூவர் பாவம். நீங்கள் கொடுத்ததைத்தான் அது காட்டுகிறது. அந்த மோல் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு வரி, அதில் முதலில் மூன்று எண்கள்: இடவலம், மேல்கீழ், ஆழம். அந்த மூன்றாவது எண் எல்லா வரியிலும் பூஜ்யமாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். காகிதத்தில் வரைவது போல வரைகிற நிரலில் வரைந்து அப்படியே சேமித்திருக்கிறீர்கள். அது காகிதம்தான், காகிதத்தைச் சுற்றினால் விளிம்புதான் தெரியும். ஹைட்ரஜன் காணாமல் போனதும் அதே காரணம்தான், வரைபடத்தில் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனை யாரும் எழுதுவதில்லை, படிக்கிறவர் மனதுக்குள் சேர்த்துக்கொள்வார். வியூவருக்கு மனசு கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். அவகாட்ரோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் உங்கள் ஃபைலைத் திறந்து ஹைட்ரஜன்களைச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்புறம் வடிவத்தைச் சீராக்கு என்று ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுங்கள். அணுக்கள் ஒன்றையொன்று தள்ளி இழுத்து ஆற்றல் குறைந்த நிலைக்கு வந்து உட்காருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதுவே ஒரு பாடம். மீத்தேனில் கோணம் 109.5 டிகிரிக்கு வந்துவிட்டதா என்று அளந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள். சோம்பேறித்தனமாக இருந்தால் பப்கெம் என்ற இலவச இணைய வேதியியல் களஞ்சியத்தில் முப்பரிமாண வடிவம் என்று தனியாகப் பதிவிறக்கம் இருக்கிறது. அதே பக்கத்தில் இருபரிமாண வடிவமும் இருக்கும், அவசரத்தில் அதை இறக்கிவிட்டுத் திரும்ப எனக்கு அப்பளம் என்று எழுதாதீர்கள்.

ஆக்சிஜன் நிஜமாகவே சிவப்பா?
- எட்டாம் வகுப்பு மாணவி, அணைக்கட்டு

இல்லை கண்ணு. ஒரு அணுவுக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், ஹைட்ரஜன் வெள்ளை, கார்பன் கறுப்பு அல்லது சாம்பல், கந்தகம் மஞ்சள், குளோரின் பச்சை என்பது ஆட்கள் பேசிவைத்துக்கொண்ட வழக்கம். 1865ல் ஹாஃப்மன் என்பவர் லண்டனில் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறு செய்து மேடையில் காட்டினார், வண்ணம் பிரிக்கிற பழக்கம் அங்கிருந்து தொடங்கியது. பக்கம் செய்கிறவர்கள் ஓரத்தில் எந்த நிறம் எந்த அணு என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே உனக்கு வந்திருக்காது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், அவர்களுக்காக அணுவின் எழுத்தையும் மேலே காட்டச் சொல்லலாம்.

அப்பா ஆம்பூரில் டேனரியில் வேலை பார்க்கிறார். செமினாருக்குத் தோல் பற்றிய பக்கம் ஒன்று செய்கிறேன். கொலாஜனைச் சுற்றிக் காட்ட வேண்டும், குரோமியம் அதில் எங்கே ஒட்டுகிறது என்பதையும் காட்ட வேண்டும். எங்கே கிடைக்கும்?
- பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி, ஆம்பூர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தோலின் முக்கியப் புரதமான கொலாஜனின் முறுக்கு வடிவத்தைக் கண்டுபிடித்ததில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதைப் பக்கத்தின் மேலேயே எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் நேச்சர் இதழில் மூன்று இழை வடிவத்தை வெளியிட்டார். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கச் சுத்தமான கொலாஜன் வேண்டும், எங்கே போவது? பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். ஆம்பூர்ப் பெண் தோலைப் பற்றி எழுதும்போது இந்தக் கதை இல்லாமல் எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

இனி ஃபைல். புரதங்களுக்கென்று பி.டி.பி. என்ற உலகப் பொதுக் களஞ்சியம் இருக்கிறது, 1971ல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது, இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறியீடு. உங்களுக்கு வேண்டியது 1, சி, ஏ, ஜி. கவனியுங்கள், இது மாட்டுத் தோலின் முழுக் கொலாஜன் இல்லை. இழைக்கு முப்பது அமினோ அமிலம் வீதம் ஆய்வகத்தில் செய்த சின்ன மாதிரி, 1994ல் வெளியானது. முழு இழை ஆயிரம் அமினோ அமிலத்துக்கு மேல் நீளும், எக்ஸ் கதிரில் பார்க்க அதைப் படிகமாக்குவது லேசில் முடிகிற காரியமில்லை. இதை மறைக்காமல் படத்துக்குக் கீழே எழுதுங்கள், 'கொலாஜன்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள்.

காட்டும் விதம் பற்றி: திறந்தவுடன் எல்லா அணுவையும் பந்துபந்தாகக் காட்டினால் ஏதோ பூந்திக் கொத்து மாதிரி இருக்கும், பார்க்கிறவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மூன்று இழைக்கும் மூன்று நிறம் கொடுங்கள், நூல்போல மெலிதாக. அம்மா பின்னும் சடை என்று சொன்னால் யாருக்கும் புரியும். ஆனால் சடையில் இல்லாத ஒன்று இங்கே உண்டு, ஒவ்வொரு இழையும் தனியாக இடப்பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கும். கயிறு திரிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முறுக்கு பிரியாமலிருக்க அவர்களும் அப்படித்தான் எதிரெதிராகத் திரிப்பார்கள். அதற்கப்புறம் ஒரு பொத்தான் வையுங்கள், அழுத்தினால் கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலம் மட்டும் தெரிய வேண்டும். மூன்றுக்கு ஒன்று கிளைசின், எல்லாம் நடுவில், உள்பக்கம் பார்த்தபடி. ஏனென்றால் நடுவில் இருக்கிற இடத்தில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் எதுவும் நுழையாது, கிளைசினுக்குத்தான் பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜன்.

இந்த மாதிரியில் வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்திருக்கிறார்கள். இழையின் நடுவே ஒரு கிளைசினை எடுத்துவிட்டு அலனின் என்ற கொஞ்சம் பெரிய அமினோ அமிலத்தை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு லேசாகத் தளர்ந்திருப்பதை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். அலனினில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு மீத்தைல், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். மனிதர்களுக்குக் கொலாஜன் மரபணுவில் இப்படி ஒரு கிளைசின் மாறினால் தொட்டால் உடையும் எலும்பு நோய் வரலாம். படம் சுற்றுவதால் கிடைக்கிற லாபம் இங்கேதான் இருக்கிறது, அச்சிட்ட படத்தில் இந்தத் தளர்ச்சி தெரியவே தெரியாது.

குரோமியம் அதில் இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்த ஃபைலில் கிடைக்காது. வெட் ப்ளூ, அதாவது குரோமியத்தில் பதப்படுத்திய ஈரத் தோலுக்கு, அந்த வெளிர்நீலம் வருவது மூன்று இணைதிறன் குரோமியத்தால், அது கொலாஜனின் அஸ்பார்டிக், குளுடாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்து இழைகளைக் குறுக்காகக் கட்டுகிறது, அதனால்தான் தோல் அழுகுவதில்லை, வெந்நீரிலும் சுருங்குவதில்லை. இதை வேதியியல் சொல்கிறது. ஆனால் தோலுக்குள் எந்த இடத்தில், எத்தனை குரோமியம் சேர்ந்து, எந்தத் தூரத்தில் என்று நீங்களாக ஒரு பச்சைப் பந்தை மவுஸால் நகர்த்திவைத்துச் சுற்றவிட்டால், பார்க்கிறவர் அதையும் எக்ஸ் கதிரில் கண்டது என்று நம்பிவிடுவார். சுற்றுகிற படத்துக்கு இருக்கிற ஆபத்தே அதுதான், எல்லாமே நிஜம் மாதிரி இருக்கும். குரோமியம் கட்டும் இடத்தைத் தட்டையான கோட்டுப் படமாகப் பக்கத்தில் தனியாக வரையுங்கள், 'விளக்கப் படம்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அப்பாவிடம் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

என் லேப்டாப்பில் பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறந்தால் வெள்ளையாக இருக்கிறது. நண்பரின் சர்வரில் போட்டால் வேலை செய்கிறது. வேறு தளத்தில் இருக்கிற ஃபைலைக் கொடுத்தால் அங்கேயும் வெள்ளை. மண்டை காய்கிறது.
- கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், வாலாஜாபேட்டை

மண்டை காய வேண்டாம், பிரவுசர் உங்களைப் பாதுகாக்கிறேன் என்று படுத்துகிறது. வட்டிலிருந்து நேராகத் திறந்த பக்கம், அதே வட்டிலிருந்து இன்னொரு ஃபைலை எடுக்கப் போனால் பிரவுசர் தடுத்துவிடும். வேறு தளத்திலிருந்து எடுப்பதற்கு அந்தத் தளம் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். பி.டி.பி., பப்கெம் மாதிரி பெரிய களஞ்சியங்கள் சம்மதம் கொடுத்திருக்கின்றன, யாரோ ஒருவரின் கல்லூரிப் பக்கம் கொடுத்திருக்காது.

சின்ன மூலக்கூறு என்றால் ஃபைலின் எழுத்துகளை அப்படியே பக்கத்துக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். ஆஸ்பிரினுக்கு இருபத்தொரு அணு, இருபத்தொரு வரி, அதற்குப் போய் தனி ஃபைல் எதற்கு? எக்ஸ்.ஒய்.இசட். என்று ஒரு எளிய வடிவம் இருக்கிறது, முதல் வரியில் எத்தனை அணு, இரண்டாவது வரியில் தலைப்பு, அப்புறம் வரிக்கு ஒரு அணு, அவ்வளவுதான், கையாலேயே எழுதலாம். இப்படிச் செய்தால் நெட் இல்லாத பள்ளிக்குப் பென் டிரைவில் எடுத்துப் போனாலும் ஓடும், வியூவரின் ஸ்கிரிப்டையும் அதே ஃபோல்டரில் வைத்திருந்தால். பெரிய புரதம் என்றால் பக்கமும் ஃபைலும் ஒரே சர்வரில் இருக்கட்டும். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால், பைத்தான் இருக்கிற கணினியில் ஒரே வரிக் கட்டளையில் சின்ன சர்வர் ஓட்டலாம், உங்கள் சென்டரில் பைத்தான் வகுப்பு நடக்குமே, பிள்ளைகளையே கேளுங்கள்.

களஞ்சியத்தில் இருப்பதை எடுத்து நம் பக்கத்தில் போட்டால் வழக்கு வருமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆரணி

ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனாலும் கடிதம் வேலூருக்கு எழுதுகிறீர்களே, நன்றி ஐயா.

பி.டி.பி.யில் இருக்கிற வடிவங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பொதுவுக்கு விட்டிருக்கிறார்கள், தாராளமாக எடுக்கலாம். பப்கெம் தன் பங்குக்குத் தடை எதுவும் போடுவதில்லை, ஆனால் அதில் தரவு கொடுத்த சிலர் உரிமை வைத்திருக்கலாம், ஒவ்வொரு பதிவிலும் யார் கொடுத்தது என்று இருக்கும். வியூவர்களில் ஜேஸ்மோல், 3டிமோல், மோல்ஸ்டார் மூன்றுமே திறந்த மூல உரிமம் கொண்டவை, காசு இல்லை. பாடநூலிலோ வேறு தளத்திலோ இருக்கிற அழகான படத்தை வெட்டி ஒட்டுவதுதான் வம்பு. அணுக்களின் இருப்பிட எண்கள் வேறு, அதை வைத்து ஒருவர் பாடுபட்டு உருவாக்கிய படம் வேறு.

வழக்கு வராது என்பதற்காக மூலத்தைச் சொல்லாமல் விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குறியீடு, வடிவத்தைக் கண்டவர்கள், ஆண்டு, எக்ஸ் கதிரா கணிப்பா, இந்த நான்கும் இல்லாத மூலக்கூறை நான் நம்புவதில்லை.

நாங்கள் ராணிப்பேட்டை. குரோமியக் கழிவு பற்றி ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பக்கம் செய்கிறோம். பொட்டாசியம் டைகுரோமேட்டுக்குப் பப்கெம்மில் முப்பரிமாண வடிவம் வரவில்லையே?
- தன்னார்வலர், ராணிப்பேட்டை

வராது. பப்கெம்மின் முப்பரிமாண வடிவங்களில் மிகப் பெரும்பாலானவை யாரும் அளந்தவை இல்லை, கணினி கணித்தவை. அந்தக் கணக்குக்கு ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், பாஸ்பரஸ், சிலிக்கன், ஹாலஜன்கள் என்று சில தனிமங்களைத்தான் தெரியும். குரோமியம் தெரியாது, உப்புகளும் ஆகாது. மிகப் பெரிய, எங்கெங்கோ வளைகிற மூலக்கூறுகளும் ஆகாது.

உங்களுக்கு வேண்டியது படிக வடிவம். படிகவியலுக்கென்று ஒரு திறந்த தரவுத்தளம் இருக்கிறது, அதில் சி.ஐ.எஃப். என்ற வடிவில் ஃபைல் தேடுங்கள், ஜேஸ்மோல் அதை நன்றாகப் படிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி ஃபைலில் அணு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியமாக இருக்கும், எது எதோடு பிணைந்தது என்று பெரும்பாலும் இருக்காது. இரண்டு அணு கொஞ்சம் நெருங்கியிருந்தால் வியூவர் தானாகவே குச்சி போட்டுவிடும். பொட்டாசியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே குச்சி வந்தால் பிள்ளைகள் சகப்பிணைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், அதை எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது அழகான வடிவம், இரண்டு நான்முகிகள் ஒரு மூலையைப் பகிர்ந்து நிற்கும். ஓரத்து ஆக்சிஜன்களுக்குத் தூரம் சுமார் 1.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), நடுவில் பாலம் போடும் ஆக்சிஜனுக்குச் சுமார் 1.8. மாணவர்களையே அளக்கவிடுங்கள், ஏன் நடுவில் நீளம் என்று அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்று, ஆம்பூர்ப் பெண்ணுக்குச் சொன்ன மூன்று இணைதிறன் குரோமியமும் உங்கள் ஊரில் குவிந்து கிடக்கிற ஆறு இணைதிறன் குரோமியமும் ஒன்றில்லை என்பதை அதே பக்கத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். பின்னதுதான் நீரில் சுலபமாகக் கரைந்து செல்லுக்குள் நுழைவது, புற்றுநோய் வரவழைப்பது. குரோமியம் என்றாலே ஒன்றுதான் என்று ஆலைப் பக்கத்து ஆட்களும் எதிர்க்கிற பக்கத்து ஆட்களும் வசதிக்கேற்பப் பேசுகிறார்கள்.

ஒரே பக்கத்தில் இருபத்தைந்து மூலக்கூறு வைத்தேன். என் போனில் பாதி கறுப்பாகிவிடுகிறது. மாணவர்கள் எல்லாரும் பழைய போன்.
- தனிப்பயிற்சி ஆசிரியர், ஜோலார்பேட்டை

கல்யாண வீட்டில் ஒரே அடுப்பில் இருபத்தைந்து அண்டா ஏற்றுகிற கதை. வியூவர்களில் பல வெப்ஜிஎல் என்ற வழியில் போனின் படச்சில்லைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் இத்தனைதான் என்று பிரவுசர் வரம்பு வைத்திருக்கிறது, குரோமில் கணினிக்குப் பதினாறு, போனில் இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் பழையது ஒவ்வொன்றாக அணையும். ஒரே ஒரு வியூவர் வையுங்கள், கீழே பெயர்ப் பட்டியல், தொட்டால் அந்த மூலக்கூறு அதே பெட்டியில் வரட்டும். முதலில் சாதாரணப் படம் ஒன்று நிற்கட்டும், விரும்பித் தொட்டவருக்கு மட்டும் வியூவர் இறங்கட்டும், டேட்டாவும் மிச்சம். படச்சில்லு ரொம்பச் சுமாரான போன்களில் ஜேஸ்மோல் ஓடிவிடும், வெப்ஜிஎல் இல்லாமலே வரையும், ஆனால் பெரிய புரதத்தைக் கொடுத்தால் மாட்டு வண்டி வேகம். இருபத்தைந்தில் எத்தனையை உண்மையிலேயே சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும் யோசியுங்கள். கார்பன் மோனாக்சைடைச் சுற்றி என்ன பார்க்கப் போகிறோம்?

வேலூர்க்காரர்கள் தொடங்க ஒரு மூலக்கூறு சொல்லுங்கள். மஞ்சள், மிளகு என்று எல்லாரும் போட்டுவிட்டார்கள்.
- நூலகர், வேலூர் சத்துவாச்சாரி

டாப்சோன். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர் நம்மூரில் உண்டா? தொழுநோய்க்கு முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்த மருந்து அந்த வகைதான், அதை 1940களில் செங்கல்பட்டில் பயன்படுத்திய ராபர்ட் காக்ரேன் நம் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர். நடுவில் கந்தகம், இரண்டு ஆக்சிஜன், இரண்டு பக்கமும் பென்சீன் வளையம், வளையங்களின் கோடியில் ஒவ்வொரு அமினோ தொகுதி. காகிதத்தில் நீட்டமாக வரைவார்கள், சுற்றிப் பார்த்தால் நடுவில் மடிந்து, பாதி மூடிய புத்தகம் மாதிரி நிற்கும்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னதால் ஒரு பக்கவாட்டுச் செய்தி. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமினைப் பப்கெம்மில் இறக்கினால் நடுவில் இரண்டு கீட்டோன் வைத்து வரும், படிகத்தில் அளந்தால் அது ஈனால் வடிவில், அதாவது ஒரு கீட்டோன் ஓ.எச். தொகுதியாக மாறி, உள்ளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்போடு இருக்கிறது. எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்றீர்களே, எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

பொதுத்தேர்வில் இதெல்லாம் கேட்பார்களா?
- ஒரு தந்தை, பேரணாம்பட்டு

வியூவரைக் கேட்க மாட்டார்கள். அணைவுச் சேர்மத்தில் சிஸ், டிரான்ஸ் கேட்பார்கள், கண்ணாடிப் பிம்பம் கேட்பார்கள், அதைப் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்த பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மற்றபடி போன் கையில் இருந்தால் மூலக்கூறுதான் சுற்றுகிறதா வேறு ஏதாவதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஐயா, நீர் மூலக்கூறின் கோணத்தை நானே அளந்தேன். இரண்டு ஹைட்ரஜனையும் நடு ஆக்சிஜனையும் தொட்டால் வந்துவிடுகிறது. பப்கெம் ஃபைலில் 104.0 வருகிறது. புத்தகத்தில் 104.5. சாரிடம் காட்டினேன், புத்தகம்தான் சரி, நீ தப்பாகத் தொட்டிருப்பாய் என்றார்.
- பதினொன்றாம் வகுப்பு மாணவர், கே.வி.குப்பம்

தம்பி, நீ சரியாகத்தான் தொட்டிருக்கிறாய். புத்தகத்தில் இருக்கிற 104.5 ஆவி நிலையில் இருக்கும் நீரை நிஜமாக அளந்து கண்டது. நீ இறக்கிய ஃபைல் அளந்தது இல்லை, பல்லாயிரம் கரிமச் சேர்மங்களுக்குப் பொதுவாக எழுதிய ஒரு கணக்கு முறை கணித்தது, அந்தக் கணக்கில் நீருக்கு 104க்கு ஒட்டித்தான் வரும். அரை டிகிரி வித்தியாசம் உன் விரலில் இல்லை, ஃபைலில் இருக்கிறது. தேர்வில் 104.5 என்றே எழுது. உன் நோட்டில் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துவை. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, மூன்று அணுவின் எண்களையும் எடுத்து, கணக்கு வகுப்பில் வரும் வெக்டர் புள்ளிப் பெருக்கலை வைத்துக் கோணத்தைக் கையாலேயே போட்டுப் பார். வந்துவிட்டால் அந்தத் தாளை உன் சாரிடம் காட்டு. சண்டைக்குப் போகாதே, மரியாதையாகக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று அடுத்த மாதத்துக்குள் ஒரு கார்டு போடு.